காய்ப்பு உரிந்த தோள்

ஃபைஸாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வலி போனால் மட்டும் அவளுக்குப் போதாது, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாக வேண்டும். வந்தவர் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, அப்பாடா என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். இவள் அந்தக் கழுத்தையே நினைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள். அவள் அம்மா அலுத்துப்போய் இப்போதெல்லாம் என்னவென்று கேட்பதே இல்லை.

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், அத்தாவின் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் அவளுடைய பிசியோதெரபி கிளினிக். கீழே அண்ணன் ஃபர்தீன் குக்கரும் குத்துவிளக்கும் விற்பான். மேலே இவள் ஊரார் மூட்டுகளை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாள். தோள் இறுகிப்போய்த் தலை பின்ன முடியாத அம்மாக்கள், மின்சார ரயிலில் தாம்பரம் வரைக்கும் போனுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டு போய்க் கழுத்து பிடித்துக்கொண்ட ஐ.டி. பையன்கள், மாமல்லபுரத்தில் நாளெல்லாம் மெஷின் பிடித்துக் கல் அறுத்து முழங்கை விண்விண் என்று தெறிக்கிறவர்கள், கோவளத்து அலையில் பலகை ஏறி விழுந்து கணுக்கால் பிசகியவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். எல்லாரையும் கேள்வி கேட்டே கொல்லுவாள். பால் பாக்கெட் எந்தக் கையில் தூக்குவீங்க, எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க, பைக்கில் பின்னால் யார் உட்காருவாங்க. வலிக்கு வந்தோமா, வாக்குமூலம் கொடுக்க வந்தோமா என்று சிலர் கடுப்பாவதும் உண்டு.

அப்படிப்பட்டவளிடம் மாசிக் கடைசியில் வந்து சேர்ந்தார் ஸ்ரீனிவாசராகவன். ஐம்பது தாண்டியவர், ஒல்லி, நடுத்தர உயரம், நெற்றியில் ஒற்றைக் கோடாகச் சிவப்பு ஸ்ரீசூர்ணம். செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். வீடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடல் காற்றில் எந்நேரமும் துணி படபடக்கிற ஒரு பெருமாள் கோயில் ஊரில். அந்தக் கோயிலில் அவர் ஸ்ரீபாதந்தாங்கி. அதாவது, பெருமாள் வீதிக்குப் புறப்படும்போது பல்லக்கைத் தோளில் சுமக்கிறவர். அவருடைய அப்பாவும் சுமந்தவர்தான்.

கூட வந்த மனைவி சௌந்தரவல்லி நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். வலது கழுத்திலிருந்து தோள்வரை வலி. தை மாதத்திலிருந்து தாங்க முடியவில்லை. தலை வலப்பக்கம் திரும்புவதே இல்லை. ஒவ்வொரு புறப்பாட்டுக்கு மறுநாளும் மனிதர் கட்டிலை விட்டு எழுந்திருக்கப் படுகிற பாடு பார்க்கச் சகிக்கவில்லை.

"இனிமே பெருமாளைச் சுமக்கக் கூடாதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்துடுங்கோ. நான் சொன்னா கேக்க மாட்டார், பேப்பர்ல இருந்தா கேப்பார்."

ராகவன் அவளைப் பார்க்கவில்லை, பார்க்கக் கழுத்து திரும்பவும் இல்லை. சித்திரையில் பிரம்மோற்சவம் வருகிறது, கருட சேவைக்குத் தான் தோள் கொடுத்தாக வேண்டும், அதற்குள் சரி பண்ணிக் கொடுத்தால் போதும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். புருஷன் ஒரு காரியமாக வந்திருக்கிறார், பெண்டாட்டி அதற்கு நேர் எதிரான காரியமாக வந்திருக்கிறாள். நடுவில் ஃபைஸா. முதலில் தோளைப் பார்க்கலாம், சண்டையைப் பிறகு பார்க்கலாம் என்றாள்.

சட்டையைக் கழற்றினார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற தசை முறுக்கின கயிறாக விறைத்திருந்தது. விரல் பட்டதும் பல்லைக் கடித்தார். ஸ்கேனில் வயசுக்கு உள்ள தேய்மானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் ஃபைஸாவின் கண் வேறெங்கோ போய் நின்றது. தோளின் சரிவில், பல்லக்கின் தண்டு உட்காருகிற இடத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் காய்ப்பு. இருபத்தைந்து வருஷமாகத் தண்டு அழுத்தி அழுத்திக் கல்லாக இருக்க வேண்டிய காய்ப்பு. அது ஓரமெல்லாம் செதில் செதிலாக உரிந்து, அடியில் புதுத்தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

கடைசியாக எப்போது சுமந்தீர்கள் என்று கேட்டாள். முந்தாநாள் ஏகாதசிக்கு என்றார். சௌந்தரவல்லியும் ஆமாம் என்றாள், எதிரிலேயே நின்று பார்த்தாளாம். கடப்பாரை பிடிக்கிற கை வேலையை விட்டால்தான் காய்ப்பு உரியும். இவர் விடாமல் சுமக்கிறார், காய்ப்பு மட்டும் எதற்கு வேலையை விட்டது? ஃபைஸா இதை வாய் விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கே அவளுடைய சோறு கெட்டது.

கரும்பலகைதான் காரணம் என்று முதலில் அடித்துச் சொன்னாள். நாள் முழுக்கக் கையைத் தூக்கி எழுதுகிற வாத்தியார்களுக்கு இப்படி வருவது உண்டு. கொஞ்சம் தாழ்வாக எழுதுங்கள் சார் என்று பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னாள். எங்கள் பள்ளியில் எல்லாம் கம்ப்யூட்டர் போர்டு, நான் சாக்பீஸைத் தொட்டே பல வருஷம் ஆகிறது என்றார் அவர். சரி என்று தலையணையைப் பிடித்தாள். பிறகு பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருகிறார் என்று பிடித்தாள். ஒன்றும் தேறவில்லை.

ஒத்தடம், நீட்டிப்பு, பயிற்சி என்று பங்குனியில் பாதி போனது. தசை இளகியது, கழுத்து திரும்பியது. மனிதர் சிரிக்கக்கூட ஆரம்பித்தார். அடுத்த ஏகாதசி வந்தது. மறுநாள் காலையில் கிளினிக் திறக்கும் முன்னாலேயே வாசலில் நின்றார், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு. அத்தனை நாள் வேலையும் ஒரே புறப்பாட்டில் பாழ். சௌந்தரவல்லி ஃபைஸாவைப் பார்த்தாள். எழுதிக் கொடு என்று கேட்கிற பார்வை.

எழுதிக் கொடுத்துவிட்டால் ஃபைஸாவுக்கும் நிம்மதிதான். மருத்துவப்படி தப்பும் இல்லை. ஆனால் அந்தக் காய்ப்பு அவளை விடவில்லை. ஃபர்தீனைக் கூப்பிட்டு, கடைக்கு முன்னால் பந்தல் போட வைத்திருந்த சவுக்குக் கழியை மாடிக்குக் கொண்டுவரச் சொன்னாள். ஒரு முனையை அலமாரி மேல் வைத்து, இன்னொரு முனையை ராகவனின் தோளில், துண்டை மடித்துப் போட்டு, உட்கார வைத்தாள். கழியில் ஒவ்வொன்றாக மணல் பைகளைத் தொங்கவிட்டாள். எந்த இடத்தில் வலிக்கிறதோ அங்கே நிறுத்தச் சொல்லியிருந்தாள்.

அவர் நிறுத்தச் சொல்லவே இல்லை. பை ஏற ஏற மனிதர் நிமிர்ந்தார். தோள் கீழே இறங்கியது, கழுத்து நீண்டது, கண் தானாக மூடிக்கொண்டது. ஃபைஸா பயந்துபோய், போதும் சார், இறக்கிடட்டுமா என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா. இன்னும் கொஞ்ச நாழி இருக்கட்டும்."

அதைச் சொன்ன குரலில் ஏதோ இருந்தது. வலிக்கு வந்தவர் பேசுகிற குரல் இல்லை அது. ஃபைஸாவுக்கு மண்டை காய்ந்தது. பாரம் வைத்தால் வலிக்கவில்லை, பாரம் சுமக்கப் போனால் வலிக்கிறது. இது என்ன கணக்கு? அந்தப் புறப்பாட்டில் அப்படி என்னதான் சார் செய்வீங்க என்று கேட்டாள். பெருமாளைச் சுமப்பேன், வேறென்ன செய்வேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். அதுவரைக்கும் அவர் ஒருநாளும் அப்படிப் பேசியது இல்லை.

விடை கிடைத்த இடம் வேடிக்கையானது. அந்த வாரம் பக்கத்துத் தெரு சைதூன் பீவி மவுத்தாகிவிட்டாள். அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து திரும்பிய ஃபர்தீன், குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்து, தோளைத் தேய்த்துக்கொண்டே புலம்பினான். மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, வைத்துத் தூக்கிப் போகிற சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுக்க ஆள் மாற்றி ஆள் வருவார்கள். இவன் ஆறடிக்கும் மேலே. இவன் எங்கே தோள் கொடுத்தாலும் மொத்த பாரமும் இவன் மேல்தான் வந்து இறங்கும்.

"முன்னாடி ஒரு நெட்டை, பின்னாடி நானு. நடுவுல ஜெயினுலாபுதீன் மாமு. சந்தூக் அவர் தோள்லயே படல. மனுஷன் உட மாட்டேன்றாரு, தோளை எக்கி எக்கித் தூக்கிக்கினு வர்றாரு. வெயிட்டு எனக்கு, கழுத்து வலி அவருக்கு. இன்னா பேஜாரு பாரு."

ஃபைஸாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இன்னொரு தடவை சொல்லு என்றாள். அவன் சொன்னான். திரும்பவும் சொல்லச் சொன்னாள். உனக்குப் பைத்தியம் முற்றிப்போச்சு என்று சொல்லிவிட்டு அவன் சோற்றைப் பார்த்தான். அவளுக்கு அப்போதே எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆனால் சாமி பல்லக்கில் தெரியாத காரணம் மையத்துப் பெட்டியில் தெரிந்தது என்று அந்த வாத்தியாரிடம் எந்த வாயால் சொல்வது? அதை மட்டும் கடைசிவரை சொல்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள்.

அடுத்த ஏகாதசி மாலை, அண்ணனை நச்சரித்து அவனுடைய ஸ்கூட்டரில் அந்த ஊருக்குப் போனாள். கிழக்கு வீதி முனையில் ஒரு டீக்கடை. ஃபர்தீன் டீயோடு ஒதுங்கிக்கொள்ள, இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். வெயில் இறங்குகிற நேரம். நாகஸ்வரம் முன்னால் வர, பின்னாலேயே பெருமாள் தோளுக்கினியானில் வந்தார். அந்தச் சின்னப் பல்லக்குக்கு அதுதான் பேர்.

வலது தண்டில் முன்வரிசையில் கிச்சா. ராகவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன், அந்தக் கோஷ்டிக்கு அவன்தான் தலைவன், தென்னை மரமாட்டம் உயரம் என்று சௌந்தரவல்லி சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவனுக்குப் பின்னால் ராகவன். ராகவனுக்குப் பின்னால் கிச்சாவை விடவும் நெட்டையாக ஒரு இளவட்டம். ராகவனின் தோளில், மற்றவர்கள் போட்டிருப்பதைவிட இரண்டு மடங்கு கனமாகத் துண்டு மடித்துக் கிடந்தது. அப்படியும் அந்தத் துண்டுக்கும் தண்டுக்கும் நடுவில் மாலை வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவர் தோளை மேலே மேலே தூக்கி அந்தக் கோட்டை மூடப் பார்த்தார். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. முகம் வியர்த்துக் கொட்டியது. ஒரு துளி பாரம்கூட இல்லாமல் அந்த மனிதர் தெரு முழுக்க அவ்வளவு கஷ்டப்பட்டுக்கொண்டு வந்தார்.

ஃபைஸாவுக்குக் கை தட்டாத குறை. கண்டுபிடித்துவிட்டோம் என்று உடம்பெல்லாம் சந்தோஷம். அடுத்த நிமிஷம் அவர் முகத்தைத் திரும்பவும் பார்த்தாள். அந்தச் சந்தோஷம் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. இன்னொன்றையும் கவனித்தாள். எதிர்ச்சாரியில் தேங்காய்த் தட்டோடு நின்ற சௌந்தரவல்லி பெருமாளைப் பார்க்கவே இல்லை. புருஷனுடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் வருவதற்கு முன்பே ஃபைஸா தயாராக இருந்தாள். சவுக்குக் கழியை மேலே கொக்கியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தாள், அவருடைய தோளுக்குச் சற்று மேலே இருக்கிற மாதிரி. சௌந்தரவல்லி வழக்கம்போலத் திரைக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். நேற்று எப்படி நின்றீர்களோ அப்படியே நில்லுங்கள் சார் என்றாள் ஃபைஸா. ராகவன் கழியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். போய் நின்றார். சொல்லாமலேயே தோள் மேலே ஏறியது. கொஞ்ச நேரத்தில் அது நடுங்க ஆரம்பித்தது. ஃபைஸா தோளுக்கும் கழிக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்து எடுத்தாள்.

"நீங்க சுமக்கல சார்."

அவர் தோளை இறக்கினார்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஆபரேஷன் ஆகித் திரும்பி வந்த மொத நாள்லேர்ந்து. இருபத்தஞ்சு வருஷம் தோள்ல இருந்தவர் இல்லேன்னா தெரியாம போயிடுமா?"

பிறகு மெதுவாகச் சொன்னார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். ஆறு மாதம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள், தூக்கவில்லை. திரும்பிப் போன அன்று கிச்சா அவரைப் பழைய இடத்தில் நிறுத்தாமல் தனக்குப் பின்னால் நிற்கச் சொன்னான். இவரும் நின்றார். பெருமாள் எழுந்தார். பாரம் இப்போது இறங்கும், இப்போது இறங்கும் என்று காத்துக்கொண்டே நடந்தார். முதல் திருப்பத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்ரீபாதந்தாங்கிகளை உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். ஒருத்தருக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு நெட்டைகளுக்கு நடுவில் நிறுத்திவிடுவார்கள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை. அவரே மற்றவர்களை அப்படி நிறுத்தியவர்தான்.

கிச்சாவைக் கேட்டிருக்கலாமே என்றாள் ஃபைஸா.

"கேட்டா, உன்னால முடியாதுடான்னு சொல்லிடுவான். கேக்காத வரைக்கும் நான் ஸ்ரீபாதந்தாங்கி."

கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாலே போதுமே, எதற்காகத் தோளைத் தூக்கி இப்படிக் கழுத்தைக் கெடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டாள். அதற்கு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். திரைக்கு வெளியே கேட்கக் கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

"நடுவுல வெளிச்சம் தெரியுமேம்மா. அவ எதிர்ல நின்னு பாத்துண்டே இருப்பா. நான் சும்மா கூட நடந்து வரேன்னு அவளுக்குத் தெரியப்படாது."

திரை விலகியது. சௌந்தரவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் கிச்சாகிட்ட சொன்னேன்."

ஆபரேஷன் முடிந்ததும் அவள்தான் கிச்சா வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம். அவர் வராமல் இருக்க மாட்டார், பாரமில்லாத இடமாகப் பார்த்து நிறுத்து, அவருக்கு மட்டும் தெரியக் கூடாது என்று. அவனும் அப்படியே செய்தான். ஆனால் புறப்பாட்டுக்குப் புறப்பாடு அவள் எதிரில் நின்று பார்க்கிறாள், மனிதர் தோள் விறைத்து வியர்த்து வருகிறார். கிச்சா ஏமாற்றுகிறான், பாரம் இவர் மேல்தான் விழுகிறது என்று நினைத்துக்கொண்டாள். தை மாதம் மறுபடி போய் அழுதாள். கிச்சா தலையைச் சொறிந்துவிட்டு, பின்னால் இருந்தவனை மாற்றி இன்னும் உயரமாக ஒருத்தனை நிறுத்தினான். தண்டு இன்னும் மேலே போயிற்று. தோளும் அதைத் துரத்திக்கொண்டு இன்னும் மேலே போயிற்று.

தை மாதத்திலிருந்து வலி அதிகமானதற்கு அதுதான் காரணம். ஃபைஸாவின் மனசில் எல்லாம் ஒன்றோடொன்று வந்து பொருந்தியது. அவள் ஆசைப்பட்ட விடை முழுசாகக் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ராகவன் மனைவியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சட்டைப் பொத்தானைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு, அவளுக்காகக் காத்திருக்காமல், தனியாகப் படி இறங்கிப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. சித்திரை பிறந்தது. ஒருநாள் சௌந்தரவல்லி மட்டும் வந்தாள். இனிமேல் ஸ்ரீபாதத்துக்கு வருவதில்லை என்று கிச்சாவிடம் சொல்லிவிட்டாராம். கருட சேவைக்கும் இல்லையாம். வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை, சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். கழுத்து வலி மட்டும் சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"சுமக்கலாம்னு எழுதிக் கொடுங்கோ டாக்டர். நான் கேட்டா வாங்க மாட்டார். நீங்க கொடுத்தா வாங்கிப்பார்."

வேண்டாம் என்று எழுதச் சொல்லி வந்தவள்தான் இவள். ஃபைஸாவுக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது. துருவித் துருவிக் கேட்கத் தெரிந்தது, கேட்டதற்கப்புறம் அந்த மனிதரைத் தனியாகப் பஸ் ஏற விட்டோமே என்று. ஆனாலும் இல்லாததை எழுத முடியாது. ஆபரேஷன் செய்த டாக்டர் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் பாரமே தெரியாத தோள், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். அதற்கு ஆள் வர வேண்டும், வராத ஆளை எப்படிப் பழக்குவது?

யோசித்தாள். பிறகு சவுக்குக் கழியைக் காட்டி, இதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் மாமி என்றாள். மணல் பைகளையும் கொடுத்தாள். எப்படி வைப்பது, எந்த நாள் எவ்வளவு ஏற்றுவது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, அடிவயிறு வலித்தால் உடனே இறக்கிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். பஸ்ஸில் கண்டக்டர் இந்தக் கழியை ஏற்றவா விடுவான்? ஃபர்தீன் அதை ஸ்கூட்டரில் நீளவாக்கில் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் சபித்துக்கொண்டே, கடலோரம் வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான்.

நடந்ததை சௌந்தரவல்லி போனில் சொன்னாள். கூடத்து ஜன்னல் கம்பியில் ஒரு முனையை வைத்தாளாம். மறுமுனையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, மணல் பையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாளாம், அவர் பள்ளியிலிருந்து வருகிற நேரமாகப் பார்த்து. அவர் உள்ளே வந்து பார்த்தார். அப்படி நிக்கக் கூடாது, துண்டு போடாம வெச்சா தோல் கிழிஞ்சிடும் என்றார். இத்தனை நாளைக்கு அப்புறம் அவர் பேசின முதல் பேச்சு அதுதான். அவள் அசையவில்லை. அவர் துண்டை மடித்துக்கொண்டு வந்து, அவள் தோளிலிருந்த முனையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அந்த வாரமே ஆபரேஷன் செய்த டாக்டரைப் பார்த்துவிட்டு ராகவன் கிளினிக்குக்கு வந்தார். ஃபைஸா கேட்பதற்கு முன்னாலேயே, கிச்சாவிடம் நேராகப் போய்ப் பேசிவிட்டேன் என்றார். என் உயரத்து ஆளோடு என்னை நிறுத்து, முடியாவிட்டால் நானே சொல்கிறேன் என்று கேட்டாராம். அதற்குக் கிச்சா, இதை நீ அப்பவே கேட்டிருக்கலாமேடா என்றானாம். ஃபைஸா தாளை எடுத்து, கருட சேவையில் ஒரே ஒரு வீதி மட்டும் சுமக்கலாம், மற்ற வீதிக்கு ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் வாங்கிப் படித்துவிட்டு, எந்த வீதி என்று கேட்டார். அதை நீங்களும் பெருமாளும் பேசி முடிவு பண்ணிக்குங்க சார் என்றாள்.

கருட சேவையன்று சாயங்காலம் ஊரே தெருவில் இருந்தது. டீக்கடை ஓரமாக நிற்கலாம் என்று நினைத்திருந்த ஃபைஸாவை சௌந்தரவல்லி கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டாள். கிழக்கு வீதி திருப்பத்தில் ராகவன் தண்டுக்குக் கீழே வந்து நின்றார். முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர், இரண்டு பேரும் அவர் உயரம். கோவிந்தா என்று கூட்டம் எழ, கருடன்மேல் பெருமாள் எழுந்தார். ஃபைஸா அவருடைய தோளைப் பார்த்தாள். அது இறங்கியிருந்தது. கழுத்து நேராக இருந்தது.

வீதி நடுவில் கற்பூரம் காட்ட நிறுத்தினார்கள். தண்டு தோளிலேயே இருந்தது. சௌந்தரவல்லி தட்டை அர்ச்சகரிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் நுழைந்து, நேராகப் புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். ஃபைஸாவும் பின்னாலேயே போனாள். சௌந்தரவல்லி கையைத் தூக்கி, துண்டுக்கும் தண்டுக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். எங்கேயும் நுழையவில்லை.

ராகவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கழுத்து நன்றாகவே திரும்பியது.

"கையை எடு, சௌந்தரம். பாரமா இருக்கு."

அவள் கையை எடுக்கவில்லை. தண்டிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த கற்பூரம் வரைக்கும் அவரோடு கூடவே நடந்தாள்.